செபத்தில் பராக்கு: முதலிலிருந்து தொடங்கச் சொல்வது சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில், தனிச்செபத்தின்போது மனம் அலைவதைத் தடுக்கும் வழிகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. செபமாலை சொல்கையில் மனம் விலகினால் மாலையில் அந்தப் பத்து மணிப் பகுதியை முதலிலிருந்து சொல்ல வேண்டும், மூன்று தடவை விலகினால் 53 மணியையும் புதிதாகத் தொடங்க வேண்டும், பராக்கோடு சொன்ன செபம் கணக்கில் சேராது என்பது அதன் சாரம். கட்டுரையாளரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்தோலிக்க மரபு இந்த விஷயத்தில் சொல்வது இதற்கு நேர்மாறானது. இந்த யோசனையைப் படித்து, அசட்டையாகச் செபிக்கிற எவரும் திருந்தப் போவதில்லை. அவர் இரண்டாம் நாளே விட்டுவிடுவார். ஏற்கெனவே பயந்து பயந்து செபிக்கிறவர்தான் இதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிவரை முழந்தாளில் நிற்பார்.

கணக்கில் சேருமா சேராதா என்ற கேள்வியை 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் எடுத்துக்கொண்டு அக்குவேறு ஆணிவேறாக அலசியிருக்கிறார். செபத்தால் வரும் பயன் மூன்று என்கிறார். ஒன்று, கடவுள் முன் அதற்குள்ள பேறு, அதாவது புண்ணியம். இரண்டு, கேட்டது கிடைப்பது. மூன்று, செபிக்கும் அந்த நேரத்திலேயே உள்ளத்துக்குக் கிடைக்கும் ஊட்டம். முதல் இரண்டுக்கும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கவனம் அறுபடாமல் இருக்கவேண்டும் என்பதில்லை. எந்த எண்ணத்தோடு செபத்தைத் தொடங்கினோமோ, அந்த எண்ணமே முழுச் செபத்தையும் தாங்கிக்கொண்டு போகும். மூன்றாவது பயனுக்கு மட்டும் கவனம் கூடவே இருந்தாக வேண்டும். ஆக, பராக்கில் போனவருக்கு நஷ்டம் உண்டு. அன்றைக்கு அவருக்கு ஆறுதல் கிடைத்திருக்காது. ஆனால் அவர் செபித்தது செபம்தான். 'என் இதயம் என்னைக் கைவிட்டது' என்று திருப்பாடல் பாடியவரே புலம்பியதை அக்குவினாஸ் அங்கே எடுத்துக்காட்டுகிறார். மனித மனம் பலவீனமானது, உயரத்தில் நெடுநேரம் நிற்க அதனால் ஆகாது என்பது அவர் கட்சி.

அதே இடத்தில் அவர் ஒரு கோடும் போடுகிறார். தெரிந்தே, வேண்டுமென்றே மனத்தை வேறு பக்கம் மேய விடுவது பாவம், செபத்தின் பலனையும் கெடுக்கும். தெரியாமல் போவது வேறு. கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் அந்தத் தண்டனைமுறை பிறந்திருக்கிறது.

கவனத்திலும் அக்குவினாஸ் மூன்று வகை பிரிக்கிறார்: சொற்களைப் பிழையின்றிச் சொல்வதில் வைக்கும் கவனம், சொற்களின் பொருளில் வைக்கும் கவனம், கடவுளிடத்திலும் எதற்காக மன்றாடுகிறோமோ அதனிடத்திலும் வைக்கும் கவனம். கடைசியில் உள்ளதே மிகவும் தேவையானது, எழுத்தறிவில்லாதவருக்கும் அது கைகூடும் என்கிறார். செபமாலையின் நான்காம் மணியில் ஒரு தாயின் நினைவு ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகனிடம் போய்விட்டது; உதடு 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பொருளில் கவனம் இல்லை, உண்மை. ஆனால் அந்த மகனுக்காகத்தானே மாலையைக் கையில் எடுத்தார்? இதைப் பராக்கு என்று சொல்லி அவரை முதல் மணிக்குத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம்?

மனம் ஏன் போகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். மனப்பாடமான சொற்கள் நாவுக்கும் விரலுக்கும் பழகிவிடுகின்றன. பழகிய வேலைக்கு மனம் முழுதாகத் தேவைப்படாது. மிச்சமிருக்கும் மனம் சும்மா இருக்காது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் கைப்பேசி வழியே கேட்டபோது, 46.9 சதவீதத் தருணங்களில் அவர்கள் மனம் செய்யும் வேலையில் இல்லை என்று தெரிந்தது. செபம் மட்டும் இதற்கு விலக்காக இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மனம் கிளம்பும் நொடியில் அது கிளம்பியது நமக்குத் தெரியாது. மூன்றாம் மணியில் போனது ஏழாம் மணியில்தான் பிடிபடும். பிடிபட்ட அந்தக் கணத்தில் நாம் ஏற்கெனவே திரும்பி வந்தாயிற்று. அங்கிருந்து மேலே போவதை விட்டுவிட்டு முதல் மணிக்கு ஓடினால், மூன்றாம் மணியை மறுபடியும் கடக்கவேண்டும், அதுவும் 'இந்தத் தடவை போகக்கூடாது' என்ற பதற்றத்தோடு. காவல் காக்கிற மனத்துக்குச் செபிக்க நேரம் ஏது? 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பராக்குகளைத் துரத்திப் பிடிக்கப் போவது அவற்றின் வலையிலேயே விழுவதாகும், உள்ளத்துக்குத் திரும்பினால் போதும் என்றே சொல்கிறது. எதன்மேல் நமக்குப் பற்று அதிகம் என்பதைப் பராக்கு காட்டிக்கொடுக்கிறது என்றும் அங்கே சேர்த்துச் சொல்லியிருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கத்து வீட்டாரின் மரபுகளும் மனம் விலகும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து வழி வைத்திருக்கின்றன. முஸ்லிம்களின் தொழுகையில் மூன்று ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) ஆயிற்றா நான்கு ஆயிற்றா என்று சந்தேகம் வந்தால், ஷாஃபி என்ற சட்ட மரபின்படி, குறைந்த எண்ணிக்கையை உறுதி என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை முடித்து, தொழுகையை முடிக்கும் ஸலாம் சொல்லுமுன் மறதிக்கென இரண்டு ஸஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குவது) செய்கிறார்கள். சைவ, வைணவ ஜபத்தில் வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம் என்று மூன்று படி உண்டு. மானசத்தில் நிற்க முடியாதவர் உபாம்சுவுக்கும், அங்கேயும் முடியாதவர் வாசிகத்துக்கும் இறங்கி வரலாம். செபமாலை சொல்பவர்களுக்கு இதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். மனத்துக்குள் சொல்லும்போது அலைகிறதா, முணுமுணுக்கத் தொடங்குங்கள். அப்போதும் அலைகிறதா, உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். எண்ணிக்கை அப்படியே தொடரட்டும்.

எகிப்தின் பாலைநிலத் துறவிகள் இந்தத் தொல்லையை இன்னும் கிட்டத்தில் பார்த்தவர்கள். அவர்கள் மருந்து நீளத்தைக் குறைப்பது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் புனித அகுஸ்தினார், எகிப்துச் சகோதரர்கள் மிகச் சுருக்கமான செபங்களை அடிக்கடி, எறிவேல் போல எறிகிறார்கள் என்றும், நீட்டினால் கூர்மை மழுங்கிவிடும் என்பதே காரணம் என்றும் குறிப்பிடுகிறார். அவர்களிடம் கற்றுவந்த யோவான் காசியான், 70-ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தையே, அதாவது கடவுளே விரைந்து வந்து உதவும் என்ற மன்றாட்டையே, எந்நேரமும் வைத்துக்கொள்ளும்படி ஐசக் என்ற துறவி சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். குருக்களும் துறவியரும் நாள்தோறும் வேளைதோறும் சொல்லும் திருப்புகழ்மாலை இந்த வசனத்தோடு தொடங்குவதை அறிந்தவர்கள் அறிவார்கள். மனம் விலகியது தெரிந்தவுடன் சொல்ல இதைவிடப் பொருத்தமான வரி இல்லை. ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். 'எப்படி இங்கே வந்தேன்? ரேஷன் கார்டில் தொடங்கி மச்சான் கல்யாணத்துக்கு எப்படிப் போனேன்?' என்று வந்த வழியை ஆராயத் தொடங்கினால், அந்த ஆராய்ச்சியே அடுத்த பராக்கு.

எல்லாப் பராக்குக்கும் ஒரே மருந்து கிடையாது. இங்கேதான் பொத்தாம்பொதுவான அறிவுரைகள் சறுக்குகின்றன.

வெளிச்சத்தம், பக்கத்து வீட்டு டிவி, தெருவில் போகும் மீன்காரர் குரல் போன்றவை வந்த வேகத்தில் போய்விடும். கண்டுகொள்ளாமல் விட்டால் போதும். வேலை நினைவு வேறு மாதிரி. கேஸ் புக் பண்ணவில்லை, பள்ளிக் கட்டணத்துக்கு நாளைதான் கடைசித் தேதி என்பவை மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்து 'கேஸ்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் அது அடங்கும். சீட்டுத்தான் வேண்டும், கைப்பேசியில் குறிக்கப் போனால் அங்கே நாலு செய்தி காத்திருக்கும். கைப்பேசியைப் பீடத்தின் மேல், சுரூபத்துக்குப் பக்கத்திலேயே சார்ஜில் போடும் வழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. அதை அடுத்த அறைக்கு மாற்றாமல் பராக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கோபம் எல்லாவற்றிலும் கெட்டது. செபத்தில் உட்கார்ந்ததும் ஒருவர் முகம் வருகிறது. அவர் சொன்னதற்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறோம். 399-இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி எகிப்தின் கெல்லியா பாலைநிலத்தில் இருந்து இதைப் பற்றித் துல்லியமாக எழுதியவர். மனத்தில் வன்மம் வைத்துக்கொண்டு செபிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்குச் சமம் என்றார். செபநேரத்தில் நினைவாற்றலைக் காக்கும்படியும் எச்சரித்தார். பழைய சம்பவம், புதுக் கவலை, மனம் நோகச் செய்தவர் முகம் ஆகிய மூன்றையும் நினைவுதான் கொண்டுவந்து கொடுக்கிறது. இந்தப் பராக்கை ஒதுக்கித் தள்ள முயன்றால் போகாது. அந்த ஆளின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததையும் சொல்லி, கடவுளிடம் முறையிட்டுவிட வேண்டும். திருப்பாடல்களில் பல இப்படிப்பட்ட முறையீடுதான். அதற்கப்புறம் அவருக்காக ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே. மன்னித்துவிட்ட உணர்வு வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லோரையும் ஏமாற்றுவது பக்தி வேடம் போட்ட பராக்கு. மறைக்கல்வி ஆசிரியர்கள், உபதேசியார்கள், அன்பியம் என்ற அக்கம்பக்கத்துச் செபக்குழுவின் பொறுப்பாளர்கள், ஏன், குருக்களே இதில் மாட்டுவார்கள். ஒரு வசனத்தைத் தியானிக்கும்போது அருமையான ஒரு கருத்து தோன்றுகிறது. உடனே அதை வரும் வெள்ளி அன்பியக் கூட்டத்தில் எப்படிச் சொல்லலாம், எந்த உதாரணம் சேர்க்கலாம், யாருக்கு உறைக்கும் என்று மனம் ஓடுகிறது. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு மறையுரை தயார்; கடவுளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மனத்துக்குள் யாரை நோக்கிப் பேசுகிறோம்? 'நீர்' என்று பேசிக்கொண்டிருந்தால் செபம். 'நீங்களெல்லாம்' என்று பேசத் தொடங்கியிருந்தால் சபையில் நிற்கிறோம்.

கவலை கடைசி வகை. ஒரே நினைவு, துரத்தத் துரத்த மூன்றாம் தடவையும் வந்து நின்றால் அதைப் பராக்கு என்று நடத்துவதை நிறுத்திவிடலாம். கடன், மகள் வரன், பரிசோதனை முடிவு, எதுவானாலும், அதுவே அன்றைய செபப்பொருள். பற்றைக் காட்டிக்கொடுக்கும் என்று மறைக்கல்வி நூல் சொல்வது இங்கே பயன்படுகிறது. எடுத்துக்கொண்ட வசனத்தை மூடி வைத்துவிட்டு, நடப்பதை உள்ளபடி சொல்லவேண்டும், என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும், கேட்டபின் கொஞ்சம் பேசாமல் இருக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் மனம் அமைந்தால் வசனத்துக்குத் திரும்பலாம். அமையாவிட்டால் அதோடேயே முடிக்கலாம். குழந்தை இயேசுவின் புனித தெரேசா (1873-1897) செய்தது இதுதான். தமக்குப் பராக்கு நிறைய வருவதாகச் சொன்ன அவர், கவனித்தவுடன், நினைவில் வந்து நின்ற ஆட்களுக்காகவே வேண்டிக்கொள்வாராம். தம் பராக்கால் அவர்களுக்கு லாபம் என்றார். தனியாகச் செபமாலை சொல்வது உடம்பை வருத்தும் ஒறுத்தல் கருவியை அணிவதைவிடக் கடினமாக இருக்கிறது என்று எழுதிய புனிதையும் அவர்தான். பீடத்தில் பூவோடு நிற்கும் அவருடைய படத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவேண்டும்.

மனம் போகிற போக்கில் போகவிட்டு அதையே செபம் என்று சொல்லும் இன்னொரு கூட்டமும் இப்போது உண்டு. அதுவும் சரியில்லை. கவலை செபப்பொருளாவது, அதைக் கடவுள் முன்னிலையில் வைத்துப் பேசும்போதுதான். தனியாக அசைபோட்டால் அது வெறும் கவலை.

தனிச்செபத்துக்கு அரைமணி ஒதுக்குகிறவர்களுக்கு, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் உள்ள சில்லறை விதிகள் இன்றைக்கும் அப்படியே பயன்படும். சில்லறை என்று நான் சொல்வது அளவைத்தான். முந்தின இரவே, படுத்தபின், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரத்துக்கு, நாளை எத்தனை மணிக்கு எழுவது, எதைத் தியானிப்பது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். காலையில் விவிலியத்தைத் திறந்து 'இன்றைக்கு எதை எடுக்கலாம்' என்று புரட்டுவதில்தான் பாதிப் பேருக்கு முதல் பராக்கு ஆரம்பிக்கிறது. ஐந்திலிருந்து பத்து வசனம் போதும். புத்தக அடையாளம் வைத்துவிட்டுப் படுக்கலாம்.

செபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நின்று, கர்த்தர் கற்பித்த செபத்தை ('விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே') ஒருமுறை சொல்லும் நேரம், கடவுள் என்னை எப்படிப் பார்க்கிறார் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பதினைந்து இருபது விநாடிதான். அடுப்படியிலிருந்து நேரே வந்து மாலையை எடுக்கிறவருக்கும், இந்த இருபது விநாடி நின்றுவிட்டு எடுக்கிறவருக்கும் முதல் ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும். முழந்தாளோ உட்கார்வதோ, ஒரு நிலையில் நாடியது கிடைக்கிறது என்றால் நிலையை மாற்றக்கூடாது. கண்ணை மூடிக்கொள்ளலாம், அல்லது ஒரே இடத்தில் நிறுத்தலாம். அங்கும் இங்கும் ஓடவிடக்கூடாது. முடிந்தபின் கால்மணி நேரம், உட்கார்ந்தோ நடந்துகொண்டோ, செபம் எப்படிப் போயிற்று என்று திரும்பிப் பார்க்கவேண்டும். நம்மவர் அடியோடு விட்டுவிட்ட பகுதி இதுதான். கால்மணி முடியாவிட்டால் மூன்று நிமிடம் எடுத்து, மனம் எங்கே போயிற்று என்று ஒரு வரி எழுதினாலும் போதும். இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், விதவிதமாகத் தெரிந்த பராக்குகள் இரண்டு மூன்று விஷயங்களையே சுற்றி வந்திருப்பது தெரியும். ஆன்ம குருவிடம் பேச அதுவே சரக்கு.

ஒன்றும் ஓடாத நாளில் நேரத்தைக் குறைக்கக்கூடாது, குறித்த நேரத்துக்கு மேல் இம்மியளவு கூடுதலாகவே இருக்கவேண்டும் என்பதும் அவர் விதி. எந்தப் பிரார்த்தனையையும் திருப்பிச் சொல்லும்படி அதில் இல்லை.

வார்த்தையே ஒட்டாத நேரத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருக்கிறார்: ஒரு மூச்சுக்கு ஒரு சொல். தமிழில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று தொடங்கும் செபத்தில் ஏறக்குறைய 40 சொற்கள். வழக்கமான வேகத்தில் இருபது விநாடியில் முடிவது, மூச்சுக்கு ஒன்றாகச் சொன்னால் இரண்டரை நிமிடத்துக்கு வரும். 'விண்ணுலகில்' என்று மூச்சை விட்டு, அடுத்த மூச்சுவரை அந்தச் சொல்லிலேயே நிற்பது. மூச்சை வலிந்து இழுக்கவோ அடக்கவோ கூடாது; தலைசுற்றும். இது பிராணாயாமப் பயிற்சி இல்லை, மூச்சு இங்கே வெறும் அளவுகோல்.

புத்தகம் வைத்துக்கொண்டு செபிப்பது இரண்டாந்தரம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். அவிலாவின் புனித தெரேசா, நற்கருணை வாங்கிய வேளை தவிர, பதினெட்டு ஆண்டுகள் கையில் புத்தகமில்லாமல் செபிக்கத் துணிந்ததில்லை. செபநேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலமும் தமக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். புனித பிரான்சிஸ் சலேசியார், வறண்ட நேரத்தில் புத்தகத்தை எடு, வாய்விட்டுச் சொல், பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்தை) முத்தமிடு, தரையில் விழுந்து வணங்கு என்று உடம்பை வேலைக்கு இழுக்கச் சொன்னார். மனம் வராதபோது உடம்பாவது செபிக்கட்டுமே.

இனி செபமாலை. வேகம்தான் முதல் பிரச்சினை. பத்துமணி என்ற பகுதி ஐந்துக்கும் சேர்த்துப் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் வேண்டும். பல வீடுகளில் எட்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. செபத்தின் முதல் பாதி 'ஆசி பெற்றவரே' என்று முடியுமுன் 'புனித மரியே' என்ற இரண்டாம் பாதி ஏறிவிடும். 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், செபமாலை அமைதியான தாளத்தில், ஆற அமரச் சொல்லவேண்டியது, தியானம் இல்லாவிட்டால் அது உயிரற்ற உடல் என்று எழுதினார். இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபர் 16-ஆம் தேதி வெளியிட்ட மடலில் ஒளியின் மறைபொருள்களை, அதாவது பத்துமணிக்கு ஒன்றாகத் தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை, புதிதாகச் சேர்த்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே மடலில் பராக்குக்கு உருப்படியான வழிகள் இருப்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை: மறைபொருளை அறிவித்தவுடன் அதற்குரிய படத்தைப் பார்ப்பது, பொருத்தமான இறைவசனத்தை வாசிப்பது, கர்த்தர் கற்பித்த செபத்துக்கு முன் சற்று நேரம் மௌனமாக இருப்பது.

இன்னொரு பழைய உத்தியையும் அந்த மடல் நினைவூட்டுகிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் திரியர் நகரிலிருந்த கார்த்தூசிய சபைத் துறவி பிரஷ்யாவின் தொமினிக், இயேசுவின் வாழ்க்கையிலிருந்து 50 சிறு தொடர்களை எழுதி, ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே' செபத்தோடும் ஒன்றாகச் சேர்த்தார். அன்று அந்தச் செபம் 'இயேசு' என்ற பெயரோடு முடிந்தது. அப்பெயருக்குப் பின்னால் தொடர் வரும். தமிழில் அப்படியே செய்தால் வாக்கியம் முறியும். நம் மொழிக்கு அடைமொழி முன்னால்தான் வரவேண்டும். ஆகவே 'உம்முடைய திருவயிற்றின் கனியாகிய, எங்களுக்காக முள்முடி தாங்கிய இயேசுவும் ஆசி பெற்றவரே' என்று செருகவேண்டும். ஒரு பத்துமணிக்கு ஒரே தொடர் போதும். மணிக்கொரு புதுத் தொடர் யோசித்தால் அதுவே பராக்காகிவிடும். குடும்பச் செபத்திலும் இது சிக்கலில்லை. முதல் பாதியை முன்னின்று சொல்கிறவர்தான் சொல்கிறார். அவர் தொடரைச் சேர்த்துச் சொல்ல, மற்றவர்கள் 'புனித மரியே' என்று வழக்கம்போல் பதில் சொல்லலாம். நான்காம் மணியைத் தாண்டும்போது அந்த ஒரு தொடர் காதில் விழுந்து ஆளைத் திருப்பிக் கொண்டுவரும். எத்தனை மணி ஆயிற்று என்ற கவலையை விரலிடம் விட்டுவிட வேண்டும், மாலையில் மணி கோத்திருப்பதே அதற்காகத்தான். எண்ணிக்கை தப்பி ஒன்பதோ பதினொன்றோ ஆனால் ஆகட்டும்.

தூக்கத்தைப் பராக்கோடு சேர்க்கவேண்டாம். இரவு சாப்பாட்டுக்குப் பின், விளக்கை அணைத்து, பாயில் உட்கார்ந்து செபித்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினால் தீர்கிற காரியம் அது. கைக்குழந்தை அழுதால், அடுப்பில் பால் பொங்கினால், படுத்திருக்கும் பெரியவர் கூப்பிட்டால் எழுந்து போகத்தான் வேண்டும். செபநேரத்தில் ஏழை நோயாளிக்கு மருந்து கொடுக்கவேண்டி வந்தால் போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது என்று புனித வின்சென்ட் தே பவுல் (1581-1660) தம் பிறரன்புச் சகோதரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து விட்ட மணியிலிருந்து தொடரலாம்.

கட்டுரையை மறுத்து எழுதவேண்டும் என்று என்னை உந்திய விஷயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். திருப்பிச் சொல்லும் பழக்கம் சிலரிடம் நோயாகவே முற்றும். சரியாகச் சொன்னேனா என்ற ஐயத்தில் ஒரே செபத்தைப் பத்து, இருபது தடவை சொல்கிறவர்கள், ஒரு சொல் தெளிவாக வரவில்லை என்று சிலுவை அடையாளத்தையே மீண்டும் மீண்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இஞ்ஞாசியாரே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, செய்த பாவங்களைச் சரியாக அறிக்கையிட்டேனா என்ற ஐயத்தால் உயிரை விடும் எண்ணம்வரை போனவர். இப்படிப்பட்டவர்களுக்கு மரபு தரும் கட்டளை ஒன்றே: எக்காரணத்தைக் கொண்டும் திருப்பிச் சொல்லாதே, ஐயம் இருக்க இருக்கவே அடுத்த வரிக்குப் போ, ஒரே ஆன்ம குருவின் சொல்லைக் கேள். வேலை, சாப்பாடு, தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பார்க்கவேண்டும். இப்படி ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய்க்குச் (ஓ.சி.டி.) சிகிச்சை உண்டு. அப்படி ஒருவர் கையில், 'மூன்று தடவை விலகினால் 53 மணியும் புதிதாக' என்று அச்சில் வந்த வரி கிடைத்தால் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அக்டோபர் செபமாலை மாதத்துக்குத் தங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் செபமாலை சொல்லும் முறையைக் கட்டம் கட்டி வெளியிடுகிறீர்கள். இந்த முறை நான்கு மறைபொருள் வரிசைகளுக்கும், அதாவது 20 மறைபொருளுக்கும், ஒவ்வொன்றுக்கு ஒரு இறைவசனமும் மேலே சொன்னது போன்ற ஒரு சிறு தொடரும் சேர்த்து அச்சிட்டால் நன்றாக இருக்கும். அரைப் பக்கத்தில் அடங்கும். முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பத்துமணி, ஐந்து நிமிடம் போதும் என்ற குறிப்பையும் அதே கட்டத்தில் போடுங்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்காகவாவது, மறுபடி தொடங்கச் சொன்ன அறிவுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.